தோளில் வைத்த கை

என் அம்மாவின் தம்பி, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். ஒரு வருடமாக அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து வந்து போயின. மூன்று டாக்டர்கள் மூன்று வகை மாத்திரை கொடுத்தார்கள். ஒருவரும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. மூச்சு முட்டி ஐ.சி.யு.வில் சேர்த்த பிறகுதான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. முன்னமே பார்த்திருந்தால் இந்த அறை வரை வந்திருக்க வேண்டாம் என்று அங்கிருந்த டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். எனக்கு அப்போது வயது ஒன்பது. என்னிடம் நெஞ்சுச் சளி என்றார்கள்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்த மாமாவின் எடை முப்பத்தெட்டு கிலோ. மாத்திரை நேரம் தவறக்கூடாது, ஐம்பது கிலோ ஆனால் மறுபடி தோணி ஏறலாம் என்பது டாக்டரின் கட்டளை. வாராவாரம் எடையைக் குறிக்க நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமாவைத் தெருமுனையில் கருவாட்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு இழுத்துப் போவேன். ஆள் ஏறி நிற்கிற மாதிரித் தராசு அங்கேதான் இருந்தது.

"வாங்க மாப்ள, இன்னைக்கி எத்தனை பெட்டி நெத்திலி?" என்பார் கிட்டங்கி அண்ணாச்சி.

"ஈரத்தோட நிறுங்க அண்ணாச்சி, கூட நிக்கும்" என்பார் மாமா.

மாமா ஏறியதும் அண்ணாச்சி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் முள்ளைப் பார்ப்பார். மீன் வியாபாரிகள் தராசை அழுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, கைய எடுங்க!"

"ஏளா, ஒரு கிலோ சும்மா தாரேன், வேண்டாங்குதியே!"

கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு முள் ஐம்பதைத் தாண்டி நின்றது. கிட்டங்கியே ஆர்ப்பரித்தது. நான் கையை எடுக்கச் சொன்னேன். நாற்பத்தொன்பதே முக்கால். எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அண்ணாச்சி இரண்டு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார்.

"தின்னுட்டு ஏறுங்க மாப்ள. இந்தப் பிள்ளை கப்பலையே நிறுத்திப்புடும்."

மாமா தின்றார், ஏறினார். சரியாக ஐம்பது. சுமைக்காரர்கள் விசிலடித்தார்கள். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். 'ஐம்பது, பழத்துடன்' என்று எழுதினேன்.

அடுத்த மாதம் அவர் தோணி ஏறினார். இப்போது எழுபத்திரண்டு கிலோ. குறைக்கச் சொல்கிறார்கள்.

அந்த நோட்டை இன்றும் வைத்திருக்கிறேன். மாமாவின் நோய் அப்போதே தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணாச்சிக்கும்தான்; எனக்குத்தான் தெரியாது. சித்தப்பா வீட்டில் மாமாவுக்குத் தனி டம்ளர் வந்ததை ஒரு பக்கத்திலும், முடிவெட்டும் கடையில் அவரை மட்டும் நாளைக்கு வரச் சொன்னதை இன்னொரு பக்கத்திலும் தேதியோடு குறித்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் இருப்பது ஒரு புகார்: 'அண்ணாச்சி வாரந்தோறும் தோளில் கை வைத்து எடையைக் கெடுக்கிறார்.'

எங்கள் வீட்டுக்கு வெளியே மாமாவைத் தொட்ட ஒரே கை அது. அதைத்தான் வாரம் தவறாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.