அக்கா கொடுத்த ஈரலும் அடைபட்ட குழாயும்

செல்வம் மருத்துவமனையில் என் அறைக்குள் வந்தபோதே கண்கள் மஞ்சளாக இருந்தன. கைகள் முழுக்கச் சொறிந்த தழும்பு. பாகூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சென்னையில் ஈரல் மாற்று ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அவருடைய அக்கா ஜெயந்தி. திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அன்று தம்பியை இழுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான்.

பரிசோதித்து, ஸ்கேனையும் பார்த்து முடித்ததும் ஜெயந்தி தம்பியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மைய சொல்லுங்க மேடம். நான் குடுத்த ஈரல்ல இன்னா கோளாறு? பொம்பள ஈரல் ஆம்பளைக்குத் தாங்காதுன்னு ஊர்ல ஆளாளுக்குப் பேசறாங்க."

"உங்க ஈரல் நல்லா இருக்கும்மா. உங்க பித்தக்குழாயையும் தம்பி குழாயையும் சேத்துத் தெச்ச இடம் ஆறும்போது சுருங்கிடுச்சு. பித்தம் இறங்க வழியில்லாம தேங்கி நிக்குது. எவ்ளோ நல்லா ஆபரேஷன் பண்ணாலும் சிலருக்கு இப்டி ஆகும்."

தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் ஈ.ஆர்.சி.பி. செய்தோம். வாய்வழியாக ஸ்கோப்பை இறக்கி, சிறுகுடலில் பித்தக்குழாய் திறக்கும் இடத்தில் கைடு வயர் என்ற மெல்லிய கம்பியை நுழைப்போம். வயர் சுருக்கத்தைத் தாண்டினால்தான் குழாயை விரிக்கும் பலூனும், அதை மூடாமல் வைத்திருக்கும் சிறு குழலான ஸ்டென்ட்டும் அதன்மேல் போகும். தாண்டவில்லை. குழாய் அந்த இடத்தில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. வயர் முட்டிச் சுருண்டு திரும்பியது. கடைசியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு வழி, விலாப் பக்கம் தோலைத் துளைத்து ஈரலுக்குள் டியூப் வைப்பது. பித்தம் வெளியே ஒரு பையில் வடியும்.

"பைய மாட்டிக்கினு கடையில எப்டி மேடம் நிக்கிறது? இன்னொரு வாட்டி பாருங்களேன்," என்றார் செல்வம்.

"தேங்கின பித்தத்துல கிருமி சேந்து காய்ச்சல் வந்தா டியூப்தான். வரலன்னா பாக்கறேன்," என்றேன்.

காய்ச்சல் வரவில்லை. இரண்டாம் முறை சுருக்கத்துக்குக் கீழே ஒரு சிறு பலூனை ஊதி, மெதுவாகக் கீழே இழுத்தேன். மடிப்பு கொஞ்சம் நிமிர்ந்தது. நுனி வளைந்த மெல்லிய வயரை நர்ஸ் ஸ்டெல்லா விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மேடம், போவுது... போயிடுச்சு மேடம்!"

எக்ஸ்ரே திரையில் வயர் ஈரலுக்குள் ஏறி நின்றது. பெரிய பலூனை ஊதினோம். நடுவில் கயிறு கட்டியதுபோல் இறுகியிருந்த பலூன் மெல்ல விரிந்தது. ஸ்டென்ட் வைத்ததும் கரும்பச்சையாகப் பித்தம் கொட்டியது. அந்த அறையில் எத்தனையோ கேஸ் செய்திருக்கிறேன்; அன்றுபோல் யாரும் கைதட்டியதில்லை.

வேலை அதோடு முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய ஸ்டென்ட்டை எடுத்து, கூடுதலாக ஒன்று சேர்த்து வைத்தோம். அரிப்பு நின்றதும் வியாபாரத்தைச் சொல்லி ஒருமுறை தள்ளிப்போடப் பார்த்தார் செல்வம். ஜெயந்தி லீவு போட்டு, பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து எல்லா ஸ்டென்ட்டையும் எடுத்தோம். எக்ஸ்ரேயில் குழாய் தெரியச் செலுத்திய டை தடங்கலில்லாமல் இறங்கியது.

அந்தப் படத்தை ஜெயந்தியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கிளை கிளையா இருக்கே, இது என்னுதா மேடம்?"

"தெச்ச இடத்துக்கு மேல இருக்கிறது மொத்தமும் உங்களுது."

போனை எடுத்துப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டார். "வாயாடுனவங்களுக்கு எல்லாம் அனுப்பறேன்," என்று சிரித்தார்.

அடைப்பைத் திறக்க ஜூனியர்களுக்கு என்னால் கற்றுக்கொடுக்க முடிகிறது. கூடவே ஒன்று சொல்வேன்: ஈரல் கொடுத்தவரையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டுங்கள், அவரும் நம் பேஷண்ட்தான்.