பிஸ்கட்டும் சித்தப்பாவும் ஒரு கிழட்டு ஆடும்

சித்தப்பாவுக்கு லண்டனில் கிடைத்த முதல் நல்ல வேலை நெடுந்தீவின் புண்ணியத்தில் கிடைத்தது. மனோர் பார்க்குக்கு அங்கால், பெரிய புல்வெளியின் ஓரத்தில், பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி பழக்கும் லாயம் ஒன்று இருந்தது. அங்கே கூட்டித் துப்புரவாக்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனவர், தான் பிறந்த தீவு முழுக்கக் குதிரைகள், அவற்றின் நடுவில்தான் வளர்ந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நெடுந்தீவுக் குதிரைகள் யாருக்கும் அடங்காமல் தம்பாட்டில் திரியும் கட்டாக்காலிகள், கிட்டப் போனால் உதைக்கும், இவர் பனை மறைவில் நின்று பார்த்ததோடு சரி என்பதை லாயக்காரி கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

அவர் என் அம்மாவின் தங்கையுடைய புருஷன். முதலில் இவர் வந்து, பேப்பர் சரிவந்ததும் சின்னம்மாவைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரில் போர் இறுகி, அங்கிருந்து சேதி வருவதே நின்றுபோயிருந்தது. சித்தப்பா ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமைகளில் என்னையும் லாயத்துக்குக் கூட்டிப்போவார். என்மேல் இருந்த பாசத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். லாயக்காரியின் இங்கிலிஷ் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க ஏலாது. எட்டு வயதில் நான்தான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அங்கே பிஸ்கட் என்றொரு மட்டக்குதிரை. கட்டை உருவம், பழுப்பு நிறம். கண்ட நாளே சித்தப்பா, இது எங்கட ஊர்ச் சாதி என்று முடிவுகட்டி, அதனோடு தமிழில் கதைக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் பிஸ்கட் வர வர மெலிந்தது. தீனில் பாதியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. சேணத்தின் வாரை வயிற்றில் இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வந்தது. ஒரு பிள்ளையின் சட்டைக் கையைக் கவ்வி இழுத்த அன்று லாயக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. கோடை முடிவதற்குள் குணம் மாறாவிட்டால் ஏலத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். இந்தக் குணத்தோடு இதை வாங்குகிறவன் சவாரிக்கு வாங்கமாட்டான், இறைச்சிக்குத்தான் வாங்குவான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அதை மொழிபெயர்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் செய்தேன்.

சித்தப்பா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினார். முதலில் நாவூறு. செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுபோய் பிஸ்கட்டைச் சுற்றினார். வைக்கோல் கிடக்கிற இடத்தில் நெருப்பு வைக்கப் பயந்து, அதைப் பஸ் தரிப்பிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்தது சாப்பாடு. மெலிந்த விருந்தாளியைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ, அதையே செய்தார். காலையும் மாலையும் தானியத்தைக் கும்பமாகக் குவித்து, மேலே பனங்கட்டியும் உடைத்துப் போட்டு, சாப்பிடு ராசா, சாப்பிடு என்று கெஞ்சினார். பிஸ்கட் பனங்கட்டியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு இன்னும் மெலிந்தது.

கடைசியில் மிருக வைத்தியர் வந்தார். இளம் பெண். முதல்நாளே பட்டினி போடச் சொல்லியிருந்தார். மயக்க ஊசி போட்டு, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் குழாய் போல நீளமான ஒன்றை மூக்கு வழியாக வயிற்றுக்குள் இறக்கினார். அதன் நுனியில் வெளிச்சம் இருந்தது. என்னையும் பார்க்க விட்டார். உள்ளே, விழுந்து உரசுப்பட்ட முழங்கால் மாதிரிப் புண்கள். அல்சர் என்றார்.

குதிரையின் வயிற்றில் அமிலம் இரவு பகலாகச் சுரந்தபடி இருக்குமாம், தின்றாலும் தின்னாவிட்டாலும். புல்லை மென்று மென்று விழுங்கும் எச்சில்தான் அதைத் தணிக்கும். தானியத்தை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, மிச்ச நேரம் வெறும் வயிற்றோடு பூட்டி வைத்தால் புண் வரும். அது குணக்கேடு இல்லை, நோவு. காய்ந்த புல் எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும், தானியத்தைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சவாரிக்கு முன்னால் ஒரு பிடி புல் கொடுக்கவேண்டும், வெளியே மேயவிட வேண்டும். மாத்திரையும் தந்தார். நான் சொல்லச் சொல்ல சித்தப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"நான்தான் அதைக் கெடுத்துப்போட்டன்" என்றார். "எங்கட குதிரையள் நாள் முழுக்க மேஞ்சுகொண்டெல்லோ நிக்கும். பாத்து வளந்தும் எனக்கு விளங்கேல்லை."

இதை மொழிபெயர்க்கும்படி அவர் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். வைத்தியர் அவர் தோளில் மெல்லத் தட்டினார்.

மாத்திரை வேலை செய்தது. ஆனாலும் புல் முன்னால் கிடக்க பிஸ்கட் அரைமனதாகத்தான் தின்றது. பக்கத்துக் கொட்டிலில் நின்ற குதிரையை விற்ற பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது என்று லாயக்காரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தனியே நிற்கிற குதிரைக்கு வயிறு கெடும் என்றார் வைத்தியர். எங்கிருந்தோ ஒரு கிழட்டு ஆட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டார்கள். ஆடு வந்த கையோடு, கேட்டுக் கேள்வியில்லாமல் பிஸ்கட்டின் புல்லில் வாய் வைத்தது. பிஸ்கட் காதை நிமிர்த்திப் பார்த்தது. பிறகு தானும் குனிந்தது. ஆடு மெல்லும்வரை அதுவும் மென்றது. அந்தக் கோடை முடிவில் ஏலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதற்குள் நோயின் குறிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் ஒருவரையும் விடாமல் சோதித்தேன். அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தேன். அம்மாவை மட்டும் சோதிக்க முடியவில்லை. அவர் எப்போதும் பரிமாறிக்கொண்டே நின்றதால் என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்த விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் முடிவை அறிவித்தேன்.

"சித்தப்பாவுக்கும் அல்சர். பாதிச் சோத்தை விடுறார், பல்லைக் கடிக்கிறார், வயித்தைத் தொட்டால் சீறிக்கொண்டு வாறார்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாதான் அதிகம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கறிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சித்தப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் ஆறிப்போய்க் கிடந்த சோற்றைப் பார்த்தார்.

அந்தக் கிழமையே டொக்டரிடம் கூட்டிப்போனார். புண்தான். எழுதிக் கொடுத்ததும் பிஸ்கட்டின் அதே மாத்திரை. சித்தப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. அதுக்கு ஒரு கை நிறைய, எனக்கு ஒண்டு என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். அம்மாவுக்குப் பகிடி பிடிக்கவில்லை.

"தனிய இருந்து வயித்தைக் கெடுத்தது காணும், தம்பி. நாளைக்கே சாமானைக் கொண்டு இஞ்சை வாங்கோ."

அவருக்குக் கொடுத்தது என் அறையை. நோயைக் கண்டுபிடித்தவள் நான், அறை பறிபோனதும் எனக்கு. அப்பா அம்மாவின் அறையில் நிலத்தில் படுத்துக்கொண்டு, இந்த உலகத்தில் நியாயமே இல்லையென்று பொருமினேன்.

சித்தப்பா வேலை முடிந்து வரும்போது நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். காலிலிருந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே, ஏதும் சேதி வந்ததோ என்று கேட்பார். இல்லை, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ என்பார் அம்மா. பிறகு தனக்கும் ஒரு கோப்பையை எடுத்துக் கொஞ்சம் சோறு போட்டு, அவருக்கு எதிரே இருந்து மறுபடி சாப்பிடுவார். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டார்கள். அம்மா மெல்லும்வரை சித்தப்பாவும் மென்றார். மாடிப்படியிலிருந்து இதைக் கண்டுபிடித்து, அம்மா இரண்டு தரம் சாப்பிடுகிறார், கெதியில் குண்டாகப் போகிறார் என்று அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா என்னைப் பேசாமல் படிக்கச் சொன்னார்.

அடுத்த வருசம் சின்னம்மா கொழும்பு வழியாக வந்து சேர்ந்தார். விமானநிலையத்தில் சித்தப்பா பெட்டியைத் தள்ளிக்கொண்டு சும்மா சிரித்தபடி நின்றார். அம்மாதான் சின்னம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாமல் அழுதார். காத்திருந்தது சித்தப்பா மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். அன்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அம்மா ஒரே தரம், வயிறு நிறையச் சாப்பிட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் அறை எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அப்போது என் யோசனையெல்லாம்.