மாமாவுக்கு அக்கா பிறந்த கதை

அறுபது வயதுக்கு மேல் என் மாமாவுக்குத் திடீரென்று ஓர் அக்கா கிடைத்தாள். கிடைக்கச் செய்தவள் நான். முதலில் தெரியாமல்தான் செய்தேன். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அம்மாவைவிட மூன்று வயது மூத்தவர். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அங்கே புதிதாக ஆபீஸ் கட்டி முடித்த நேரத்தில், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆடிட் வரப்போகும் செய்தி வந்தது. பரம்பரைக் குடும்பம் என்றால் வெள்ளைக்காரர்களுக்குத் தனி மதிப்பு என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். உடனே, வருகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் எங்கள் குடும்ப மரம் தொங்கியாக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. நல்லூரில் ஒரு கம்பெனியில் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் நான் அகப்பட்டேன்.

"சாஃப்ட்வேர்ல பேரு, பொறந்த தேதி, தொழிலு போட்டா அதுவே மரத்தை வரைஞ்சுக்குதாமா கண்ணு. ரெண்டு நாள் வேலைதான்" என்றார்.

மூன்று வாரம் ஆனது. பொங்கலூர்ப் பக்கத்து எங்கள் முன்னோர்கள் யாரும் தேதி பார்த்துப் பிறக்கவில்லை. ஒருவர் பெருமழை பெய்த வருடம் பிறந்தார், இன்னொருவர் மாரியம்மன் நோம்பிக்கு மறுநாள் இறந்தார். சாஃப்ட்வேருக்கு மழையும் தெரியாது, நோம்பியும் தெரியாது. நான் குத்துமதிப்பாக எதையாவது அடித்தால், மகன் பிறந்தபோது தந்தைக்கு வயது ஒன்பது, சரிபார்க்கவும் என்று சிவப்புக் கட்டம் வரும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: 'திருத்து', 'சரிதான்'. எங்கள் குடும்பத்தை இவ்வளவு மரியாதையாகச் சந்தேகப்பட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

தொழில் கட்டத்தில் சிக்கலே இல்லை. யாரைப் பற்றிக் கேட்டாலும் மாமா விவசாயம் என்பார். பூட்டன் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேவல்கட்டைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

"சேவக்கட்டுன்னு போட்டரட்டுங்களா மாமா?"

"வெவசாயம்னு போடு சாமி. அந்தச் சேவலும் தோட்டத்துலதான வளந்துது!"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கண்ணு, என்ற வேலையும் அதுல வருமா?"

அம்மா பதின்மூன்று வயதில் டவுனில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனவள். முதலில் கைமடி. ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸ்களை எடுத்து அடுக்கும் வேலை. பிறகு செக்கிங். நாற்பது வருடம். தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவள், இந்த ஒரு கட்டத்தை மட்டும் கேட்டாள். ஆனால் மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "உங்கம்மாளுக்கு இல்லத்தரசின்னு போட்டுரு. தங்கச்சிய வேலைக்கு அனுப்புனாங்கன்னு செவுத்துல ஒட்டிக் காட்டோணுமா?"

நான் அம்மாவின் ஆதாரைப் பார்த்துப் பிறந்த தேதியை அடித்தேன், வேலையையும் அதன் வருடங்களையும் அடித்தேன், மாதிரி பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மாமா மேஜையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் பதறிப்போனார்.

"என்ன கண்ணு இது? அவ எனக்கு முன்னால நிக்கறா!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கம்பெனி கேட்டில் விடமாட்டார்கள் என்பதால், அன்று அம்மாவின் கார்டில் பதினெட்டு என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பொய் கம்பெனி கார்டிலிருந்து ரேஷன் கார்டுக்குப் போய், ஆதாரில் குடியேறிவிட்டது. ஐம்பத்தெட்டு முடிந்தது என்று அவளுக்கு மாலை போட்டு அனுப்பியபோது உண்மையில் வயது ஐம்பத்து மூன்று. சாஃப்ட்வேர் பாவம், தேதியை நம்பி, மாமாவுக்கு இரண்டு வயது மூத்தவளாக அம்மாவை வரிசையில் முன்னால் நிறுத்திவிட்டது.

"மாத்து, மாத்து" என்றார்.

"மாத்திரலாங்க மாமா. ஆனா நெசத் தேதியப் போட்டா, அம்மா பதிமூணு வயசுல வேலைக்குப் போனதாக் காட்டும். ஆடிட்டுக்கு வர்றவங்க மொதல்ல கேக்கறதே அதுதானுங்களே?"

"அப்ப வேலைய எடுத்துரு."

"எடுக்க முடியாதுங்க."

சாஃப்ட்வேரில் தாராளமாக எடுக்கலாம். ஒரு பொத்தான் தட்டினால் போதும். முடியாது என்று நான் சொன்னது என்னைப் பற்றி. அதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மாமா சுவரைப் பார்த்தார், பிரிண்டைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். மரத்தை அச்சடிக்கக் காத்திருந்த பிளெக்ஸ் கடைக்காரர் வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், மாமா தம்பியாகவே சுவரில் ஏறினார்.

ஆடிட் அன்று குத்துவிளக்கு ஏற்ற அம்மாவும் வந்திருந்தாள். வந்தது வெள்ளைக்காரர் அல்ல, சென்னைப் பெண். சுவரருகே போய் ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். எல்லாம் விவசாயமாக இருந்த மரத்தில் ஒரு கைமடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இவங்க உங்க அக்காவா சார்?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. எந்தம்பிதானுங்க. சின்னப்போ இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சனுங்க."

"ஆமாங்க... அக்காதானுங்க" என்றார் மாமா. நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நீங்க வேலைக்குப் போனப்போ சார் என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"படிச்சுட்டு இருந்தானுங்க. அவன் படிப்புல கெட்டிங்க. ஊட்டுல ஒருத்தராச்சும் படிக்கோணுமில்லீங்களா?" அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "வா தம்பி, காப்பி குடிக்கறயா?" என்று அம்மா சீண்டினாள். அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மரத்தைத் தொற கண்ணு. ஊட்டுல மாட்டறக்கு வேற ஒண்ணு வேணும். அம்மிணிக்கு நெசத் தேதியப் போடு."

போட்டேன். அம்மா வரிசையில் மாமாவுக்குப் பின்னால் போய் நின்றாள். உடனே சிவப்புக் கட்டம் வந்தது: தொழில் தொடங்கியபோது வயது பதின்மூன்று. சரிபார்க்கவும்.

'திருத்து', 'சரிதான்' இரண்டும் திரையில் காத்திருந்தன. அம்மா காப்பி டம்ளரோடு எங்கள் பின்னால் வந்து நின்றாள். "போகுதுங்ணா, உடுங்க" என்றாள், அவளுடைய பழைய தங்கச்சிக் குரலில்.

மாமா என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். மவுஸ் பிடித்துப் பழக்கமில்லாததால் அம்புக்குறி திரை முழுக்க அலைந்தது. நான் உதவவில்லை. இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை 'சரிதான்' மேல் கொண்டுபோய் நிறுத்தி, அழுத்தினார்.