அபேனி அக்காவின் பெரியவர்

அபேனி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் லண்டன் குட்மேய்ஸ் வீட்டுச் சமையலறையில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் டாயோதான் எனக்குப் போன் எடுத்தான். "ஆன்ட்டி, அம்மா நித்திரையிலேயே போயிட்டா" என்றான். கையைத் துடைக்கவும் தோன்றாமல் கதிரையில் இருந்துவிட்டேன். செத்தவீட்டில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டான். பிறகு தயங்கி, "அந்தக் கதை மட்டும் வேண்டாம், ஆன்ட்டி. எங்கட சர்ச் ஆட்கள் எல்லாரும் வருவினம்" என்றான். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. ஒலோடுமாரேயைத்தான் சொல்கிறான் என்று தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்ட்டில் அவரோடு நின்றவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நைஜீரியாவின் யோருபா மக்களுக்கும் எங்களைப் போலவே தெய்வங்கள் நிறைய. அவர்கள் எல்லோருக்கும் மேலே, எல்லாவற்றையும் உண்டாக்கிய ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஒலோடுமாரே, அக்காவின் வாயில் 'பெரியவர்'. நோர்பரியில் வாழ்ந்த அபேனி அக்கா, தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்ட்டில் மிட்வைஃப். அந்தப் பெயரைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் ஷிப்ட் தொடங்கியதில்லை. நான் அவருக்கு உதவியாளர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம். பிள்ளை வெளியே வந்து முதல் மூச்சை இழுக்கிற நேரம் பார்த்து, கை தன்பாட்டில் வேலை செய்ய, முகத்தை மட்டும் ஒரு கணம் ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவார். மனிசிக்குத் தலைசுற்றோ என்று பயந்து ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"உடம்பைக் களிமண்ணில பிடிக்கிறது ஒபாதாலா எண்ட தெய்வம். மூச்சைக் குடுக்கிறது பெரியவர் மட்டும்தான். அவர் எப்பிடிக் குடுக்கிறார் எண்டு பாக்க ஒபாதாலா ஒளிச்சிருந்தவராம். பெரியவர் அவரை நித்திரையாக்கிப் போட்டார். தெய்வத்துக்கே பாக்க ஏலாததை நான் ஏன் முழுசிப் பாப்பான்?"

"அப்ப மூச்சு வராட்டி?"

"வராட்டி உடனே திரும்பிப் பாப்பன். அது என்ர வேலை" என்றார். அவர் கையால் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் யாராவது இதைப் படித்தால், அன்று அவர் உங்களை அசட்டை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போன வருடம் அவருக்கு நோய் வருத்தம் வந்தபோது லூயிஷாம் சிவன் கோயிலுக்கு ஓடினேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அபேனி என்று சொல்லிவிட்டேன். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? வரிசையை விட்டு விலகி அவருக்கே போன் எடுத்தேன். "நட்சத்திரம் தெரியாது. நான் பிறந்தண்டைக்கு நல்ல மழை எண்டு அம்மா சொன்னவ. அது காணுமோ?" என்றார். மழையை வைத்து ஐயர் என்ன செய்வார்? "சுவாமியின்ர பேரிலயே செய்யுங்கோ ஐயா" என்று சமாளித்தேன்.

விபூதியோடு நோர்பரிக்குப் போனபோது மறுக்காமல் நெற்றியைக் காட்டினார். "உங்கட பெரியவருக்கு என்ன நேரவேணும்? தேங்காயோ, கோழியோ, சொல்லுங்கோ, நான் செய்யிறன்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

"மற்றத் தெய்வங்களுக்கு ஒவ்வொண்டு இருக்கு. அவருக்கு ஒண்டுமில்லை ஜெயா. கோயிலும் இல்லை, சிலையும் இல்லை. எல்லாமே அவரின்ர. அவரின்ரையை எடுத்து அவருக்கே குடுக்கிறதோ? சும்மா கேள். அது போதும்."

நேர்த்தி வைத்துப் பேரம் பேசியே பழகிய எனக்கு அது அந்தரமாக இருந்தது. "அப்ப நீங்கள் என்ன கேக்கிறனீங்கள்? வருத்தம் மாறவேணும் எண்டோ?"

"இல்லை. நான் போற நாளில டாயோ எனக்காகப் பயப்பிடக்கூடாது. அதை மட்டும்தான் கேக்கிறன்."

டாயோ லண்டனில் பிறந்தவன். தாய் யோருபாவில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்தவன், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரித்தான். சர்ச்சில் ஊறிப்போன பிறகு, தாய் ஏதோ பேயைக் கும்பிடுகிறார் என்று நம்பத் தொடங்கினான். பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றான். அவன் வீட்டில் போய் நிற்கும் நாட்களில், அக்கா காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போய்க் குளிருக்குள் நின்று சொல்லிவிட்டு வருவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு வரவில்லை. "அவன் என்னை வெறுக்கேல்லை. செத்தாப்பிறகு நானும் அவனும் ஒரே இடத்தில சேரமாட்டம் எண்டு பயப்பிடுறான். பாவம் பிள்ளை" என்றார்.

செத்தவீட்டில் டாயோ கேட்டபடியே பேசினேன். வார்ட்டைப் பற்றி, அவருடைய சிரிப்பைப் பற்றி, எங்கள் ஆட்களையே கண்ணீர்விட வைத்த அவருடைய மிளகாய்க் குழம்பைப் பற்றி. முன்வரிசையில் இருந்த டாயோவின் முகத்தைப் பார்த்தேன். அது வெறும் துக்கம் இல்லை. எது நடக்கக்கூடாது என்று தாய் கேட்டாரோ, அப்படியே அவன் அவருக்காகப் பயந்துபோய் இருந்தான்.

மயானத்தில் பெட்டியை இறக்கியதும், அவனுடைய சர்ச்சிலேயே வயதில் மூத்த அம்மா ஒருவர் முன்னால் வந்து யோருபாவில் செபித்தார். எனக்கு யோருபாவில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அந்தச் சொல் கேட்டது. ஒலோடுமாரே. சுற்றி நின்ற கிழவிகள் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். டாயோ திடுக்கிட்டு என்னைப் பார்த்தான், நான்தான் சொல்லிக்கொடுத்துச் செய்வித்தேன் என்பது போல. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

அவன் அந்த அம்மாவிடம் போய் ஆங்கிலத்தில் கேட்டான். "நீங்கள் ஏன் அந்தப் பேரைச் சொன்னனீங்கள்?"

"வேற எந்தப் பேரைச் சொல்லுறது? உன்ர பாட்டனார் ஊரில சர்ச்சில செபிச்சதும் அந்தப் பேரைச் சொல்லித்தான். படைச்சவர் ஒராள்தானே, மகனே!"

டாயோ என்னிடம் வந்து, "பின்வளவில நிண்டு அம்மா என்ன கேக்கிறவ, ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"நீ அவவுக்காகப் பயப்பிடக்கூடாதெண்டு" என்றேன். "வேற ஒண்டும் கேக்கேல்லை."

அவன் நல்ல கோட்சூட்டோடு குழியோரத்து ஈர மண்ணில் முழந்தாளிட்டான். அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். கிழவி திருத்தினார். திரும்பச் சொன்னான். பிறகு எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறா" என்றான். எனக்குச் சொன்னானா, தனக்கே சொன்னானா தெரியாது. முகத்தில் அந்தப் பயம் இல்லை.

நான் வைத்த நேர்த்திகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவுமே கொடுக்காமல் ஒரு தாய் கேட்டது கிடைத்ததை அன்று கண்ணால் கண்டேன். அதைக் காண அவர் இல்லை. அபேனி அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் காட்சியைத்தான். அவர் காணாததை அவருக்காக நான் வைத்திருக்கிறேன்.