மெரேத்தாவின் அத்தை

பனி உறைந்த வடகோடியில், எங்கள் யமால் பக்கம் ஓநாயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி வந்து நிற்கும் என்று பயம். அதனால் ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர். எங்கள் முகாமில் கலைமான் மேய்க்கும் மெரேத்தா வைத்த பெயர் ‘அத்தை’. பெண்டாட்டியைப் பெற்றவளையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

மெரேத்தா என்றால் எங்கள் பேச்சில் வேகக்காரன். கறிச்சட்டியைத் திறக்கும்போது மட்டும் அந்தப் பெயர் அவனுக்குப் பொருந்தும்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கடா! பனி இளகினா மந்த பின்னாடியே வடக்க வரும். வெளுத்த முடி, நீளக் காலு, அவசரமே கெடையாது. அத்தன மான்ல நொண்டுறது எதுன்னு தூரத்துலயே பாத்துரும். எங்க வீட்டுல நொண்டுறது நான்தான்!”

நாங்கள் சிரிப்போம். அவன் மனைவி ஹத்னே எலும்பை எடுத்து எறிவாள்.

அந்த வசந்தத்தில் நிஜமாகவே நொண்டியது அவனுடைய வெள்ளைமூக்கு. பனிச்சறுக்கு வண்டித் தொடருக்கு முன்னே போகும் மான் அது. பிள்ளையில்லாத மெரேத்தாவுக்கு அதுதான் பிள்ளை. குளம்புப் புண்ணுக்கு மருந்து போட, மாமியார் வரவேண்டிய நாளன்று மேட்டுக்கு அந்தப் பக்கம் போனான். புதரிலிருந்து ஓநாய் எழுந்தது. அவன் கையில் துப்பாக்கி இல்லை.

“அத்தே! ஐயோ, அத்தே வந்துருச்சு!”

முகாமில் எல்லோருக்கும் கேட்டது. ஹத்னே பூரித்துப்போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். நான் ரொட்டி அறுத்தேன். துப்பாக்கியை ஒருவரும் தொடவில்லை.

ஆனால் நிஜ அத்தைக்கும் கேட்டிருக்கிறது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பி, மான் ஓட்டும் நீளக் கழியால் ஓநாயின் மூஞ்சியில் ஒரே போடு போட்டாளாம். அது திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்றாம், அவசரப்படாமல்.

தேநீர் குடிக்கும்போது கிழவிக்குக் கண் கலங்கியது. “கல்யாணமாகி இத்தன வருசத்துல, ஆபத்துன்னு இன்னைக்குத்தான் என்னக் கூப்ட்ருக்க, மாப்ள.”

நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டோம். மெரேத்தா தனக்கென்று வைத்திருந்த நல்லி எலும்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.

வாங்கி உறிஞ்சியபடி, “அடுத்த தடவ மருமவன் வந்தாலும் சத்தம் போடு, ஓடியாறேன்” என்றாள்.

“எந்த மருமவன் அத்தே? ஒங்களுக்கு நான் ஒருத்தன்தான?”

“ஒன்னச் சொல்லல. எங்க முகாம்ல அதுக்கு நான் வச்ச பேரு அது.”