ஓட்டை வாய்க்கு ஓர் எக்ஸ்ரே

வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். ஆறாம் வகுப்பில் அதற்கு எக்ஸ்ரே ஆதாரமே கிடைத்தது.

கையை விட்டு சைக்கிள் ஓட்டிக் காட்டப்போய், மேல்வரிசை முன்பல்லை ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டேன். ஆரணியில் பல் டாக்டர் படம் எடுத்தார்; எடுத்த கையோடு அவசரமாகச் செய்யாருக்குக் கிளம்பிவிட்டார். “நாளைக்கு எடுத்துகினு வாங்க, பார்த்துச் சொல்லுவாரு” என்று கம்பவுண்டர் தபால்தலை அளவுப் படத்தை அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா பட்டுப்புடவை வியாபாரி. எந்தப் புடவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் நெய்தவரிடமே திரும்பிப் போய்விடும். படத்தையும் அப்படியே பிடித்தார். முகம் மாறியது.

“முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு எழ வுட்டுக்கீது. மேல பொத்தல் வேற.”

சித்தி எட்டிப் பார்த்தாள். “இன்னா மாமா, மூக்கு வரைக்கும் போவுதா?”

அதற்குப்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கும் தண்ணீர்க் குடத்துக்குமாக நடந்தேன். நாக்கால் துழாவினேன். தண்ணீர் குடித்தால் மூக்கில் வருமோ? குடித்துப் பார்த்தேன். என் முழியைக் கண்டு சித்தி சிரிக்க, எனக்கும் சிரிப்பு பொத்துக்கொள்ள, தண்ணீர் மூக்கு வழியே வந்தேவிட்டது.

“அய்யய்யோ, நெஜமாவே பொத்தல்தாங்க!” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. நானோ மறுநாள் வகுப்பில், மூக்கால் தண்ணீர் விடும் வித்தையைத் திங்கட்கிழமை காட்டுவதாக அறிவித்துவிட்டேன்.

மாலையில் டாக்டர் படத்தைப் பார்த்தார். “பல்லுக்கு ஒண்ணுமில்ல. இந்தக் கோடு மேல்தாடை ரெண்டு பாதியும் சேர்ற எடம். பொத்தல், நரம்பு வர்ற வழி. எல்லாருக்கும் இருக்கும்.”

“எல்லாருக்குமா? அப்ப எனக்கும் எடுங்க சார்.” என்னை இறக்கிவிட்டு, அப்பாவே நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தார்.

கால் மணி நேரத்தில் அவர் படமும் வந்தது. இரண்டையும் சேர்த்து ஜன்னலில் பிடித்தார். அதே இழை. அதே பொத்தல்.

“இன்னாப்பா, உனக்கும் ஓட்ட வாயா?” என்றேன். வழக்கமாக விழும் குட்டு விழவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை: அறிவித்த வித்தை போச்சு, ஓட்டையும் பொதுச்சொத்தாகிவிட்டது. ஓர் இழைக்காகப் புடவையைத் திருப்பியனுப்பும் மனிதர், ஒரே குறையுள்ள இரண்டு படங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏன் அவற்றை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.