தலையணை மேல் வைத்த வீடு

அவளுடைய இடது கை அவருடைய முழங்காலைத் தூக்கிப் பிடித்திருந்தது. வலது கை ஈரத்துணியால் தொடையைத் துடைத்துக்கொண்டே போனது. காலையில் ஒரு முறை, ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. அந்த உடம்பு வலியென்று வாய் திறக்காது, நாம்தான் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டும்.

வலது தொடையின் ஓரத்தில் கை நின்றது. பட்டன் அளவுக்கு ஒரு கொப்புளம், சுற்றிலும் சிவப்பு.

"இது எப்ப வந்தது?"

"எது?" அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வாரமாக இதே பாடுதான். புது லேப்டாப் வாங்க வேண்டும். காலையில் பிராசஸர் என்பார், சாயங்காலம் கிராபிக்ஸ் என்பார்.

"காலைல இல்லாத கொப்புளம் இப்ப இருக்கு. பகல்ல என்ன பண்ணீங்க?"

"வழக்கம்போல வீடு கட்டினேன் சிஸ்டர்."

அவர் கட்டட மேற்பார்வை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து படுக்கையானபோது, வீட்டோடு பார்த்துக்கொள்ளும் நர்ஸாகக் கொஞ்ச நாளைக்கென்று வந்தாள் அவள். தெருவில் எல்லோருக்கும் ஊசியக்கா. வந்தவள் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் ஆகியும் 'சிஸ்டர்' மட்டும் மாறவில்லை. கேட்டால், "பேர மாத்தினா மருந்து வேலை செய்யாது" என்பார்.

இன்னும் கட்டாத வீடுகளை இப்போது அவர் லேப்டாப்பில் எழுப்புகிறார். வீட்டுக்காரர்களை வீடியோவில் கூப்பிட்டு, அறை அறையாக நடத்திக் காட்டுவார். "கட்டடத்துல இருந்து விழுந்தவன் நான். இப்ப கட்டடம் என் மடில ஏறி உக்காந்திருக்கு" என்று சிரிப்பார். போன வாரம் திரையில் அந்தக் கட்டடம் சமையலறை வாசலில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பொறுத்துப் பார்த்து எழுந்து போய்விட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவருக்கு வேலை தரும் இன்ஜினியர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அப்படிப் படுத்திருந்த காலத்தை அவள் பார்த்திருக்கிறாள். கொப்புளம் புண்ணானாலும் படுக்கைதான்.

லேப்டாப் கடைக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

"அக்கா, அதே விலைக்கு ரெண்டுல ஒண்ணத்தான் ஏத்த முடியும். அண்ணன் வெச்சிருக்கிற சாப்ட்வேருக்கு, பிராசஸர ஏத்தினா வீடு போட்டு முடிச்சதும் கடைசியா எடுக்கிற படம் சீக்கிரம் வரும். கிராபிக்ஸ ஏத்தினா வீட்டச் சுத்திக் காட்டும்போது சிக்காது."

"அதெல்லாம் இருக்கட்டும். எது சுடாது?"

"வேலை செஞ்சா ரெண்டும்தான் சுடும். இப்ப எங்க வெச்சு ஓட்டறார்?"

"மடில. ஆனா நடுவுல தலகாணி இருக்கு."

"தலகாணியா! அக்கா, அது காத்து இழுக்கறதே அடிவழியா. மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா எப்படி ஓடும்? சூடாயிடுச்சுன்னா தானா வேகத்தக் குறைச்சுக்கும். பக்கவாட்டுல வேற அனலா அடிக்கும். புதுசு வாங்கினாலும் இப்படி வெச்சா தவழத்தான் செய்யும்."

தொடை சுடக் கூடாதென்று அந்தத் தலையணையைக் கொடுத்தவளே அவள்தான். அது மெத்தென்று இருந்தது, சரிந்தது, சரிந்த பக்கம் அனல் தொடையில் அடித்தது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சிஸ்டர் உத்தரவு" என்றார்.

"வாய மூடுங்க." போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "மேசைல வெச்சுக்க என்ன கேடு?"

"சக்கர நாற்காலியோட கைப்பிடி மேசை விளிம்புல இடிக்குது. உள்ள போகாது. தூரத்துல இருந்து எட்டி எட்டித் தட்டினா தோள் கழண்டுடும்."

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு, வார்டில் யாரை முதலில் கவனிப்பது என்று கேட்பதுபோலக் கேட்டாள்: "கடைசிப் படம் எடுக்கறப்ப யாராவது எதிர்ல காத்திருப்பாங்களா?"

"இல்ல. ஓட விட்டுட்டுத் தூங்கிடுவேன்."

"சுத்திக் காட்டறப்ப?"

"வீட்டுக்காரர், அவர் சம்சாரம், அவங்க அம்மா... ஒரு கூட்டமே."

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு? காத்திருக்கக் கூடியது காத்திருக்கட்டும். கிராபிக்ஸ் வாங்குங்க. ஆனா அது இனிமே மடிப்பக்கம் வரக் கூடாது."

"மேசை?"

"அது என் பாடு."

மறுநாள் காலையில் தச்சரிடம் போய் நான்கு மரக்கட்டைகளை அறுத்து வாங்கி வந்தாள். மேசையை ஒவ்வொரு காலாகத் தூக்கி அடியில் முட்டுக்கொடுத்து, ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. கொப்புளத்தை உடைக்காமல் மேலே துணி வைத்துக் கட்டினாள். அவரை நாற்காலிக்கு மாற்றி உள்ளே தள்ளினாள். கைப்பிடி இடிக்காமல் நுழைந்தது.

அவர் பழைய லேப்டாப்பைத் திறந்து, யாருடைய வீட்டையோ சுற்ற ஆரம்பித்தார். சமையலறை வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு காட்சி உள்ளே போனது.

"சிஸ்டர், இதுவே நகருது! புதுசு வேணுமாங்கிறேன்?"

"தயங்கிச்சுல்ல? திரும்ப ஆரம்பிக்காதீங்க."

தலையணையின் உறையை உருவித் துவைக்கப் போட்டுவிட்டு, கடைக்குப் போன் செய்தாள்.